சதயத்தில் மூடிய கூரை

ஜூலை 21, திங்கள்

புரோகிதர் வந்து போனார். அடைப்பு ஆகஸ்ட் 13, புதன்கிழமை முடிகிறது. அன்று காலை ராகு காலத்துக்கு முன்பாகக் காரின் கூரை திறந்தாக வேண்டும். கூரை வேலை செய்யவில்லை. அதுதான் இப்போதைய பிரச்சினை.

பிற்பாடு நானே படித்துக் குழம்பாமல் இருக்க, விஷயத்தை வரிசையாக எழுதி வைக்கிறேன். என் அண்ணன் எத்திராசன் பிப்ரவரியில் இறந்தார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டுப் புதுச்சேரிக்குத் திரும்பியவர். இந்த ஊரில் சொல்தா என்பார்கள். திரும்பும்போது கப்பலில் கொண்டுவந்த கார் இது. இடது பக்கம் ஸ்டீயரிங். கூரை கெட்டித் துணி. பொத்தானை அழுத்தினால் தானாக மடிந்து பின்னால் போய்ப் படுத்துக்கொள்ளும். மாலையில் கடற்கரைச் சாலைக்கு என்னை அழைத்துப் போவார். கொட்டகையில் வண்டிக்குள் உட்கார்ந்து இரண்டு முறை ஹார்ன் அடிப்பார். நான் சட்டையை மாட்டிக்கொண்டே ஓட வேண்டும். அன்றும் இரண்டு முறை அடித்தார். எனக்குச் சட்டையின் மேல் பொத்தான் அகப்படவில்லை. நான் போய்ப் பார்த்தபோது ஸ்டீயரிங்கில் நெற்றியைச் சாய்த்திருந்தார். தூறல் விழுகிறது என்று கூரையை மூடியிருந்தார்.

அன்று சதயம். அந்த நட்சத்திரத்தில் இறந்தால், உயிர் போன இடத்தை ஆறு மாதம் அடைத்து வைப்பது எங்கள் வழக்கம். அறையாக இருந்தால் பூட்டிவிட்டு, நாள் முடிந்ததும் கூரையில் நாலு ஓடுகளை எடுத்து மேலே வழிவிடுவார்கள். அண்ணனுக்கு உயிர் போனது காரில். ஆகவே கார்தான் அறை. கதவுகளைச் சுற்றி மஞ்சள் கயிறு கட்டிக் கொட்டகையில் நிறுத்தியிருக்கிறோம்.

புரோகிதர் இன்றும் ஒரு முறை சொன்னார். "மேலதான் திறக்கணும் சார். கதவைத் திறந்தா வீட்டுக்குள்ள வந்துடுவார். மேல திறந்தா மேல போவார். அது வரைக்கும் அங்க இருக்கற எதுவும் வெளிய வரப்படாது. ஒரு குண்டூசி கூட."

"திறக்க முடியலன்னா?"

அவர் அண்ணியைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "தனியா போக மாட்டார். துணைக்கு ஒருத்தரைக் கூப்பிடுவார்."

என் அண்ணி மரகதத்துக்கு எழுபத்தைந்து வயது. காது மிக நன்றாகக் கேட்கும்.

ஜூலை 22, செவ்வாய்

மெக்கானிக் குப்புராசு கொட்டகை வாசல் வரை வந்தார். அதற்கு மேல் வரவில்லை.

"சார், இன்ஜின எறக்கச் சொல்லு, எறக்கறேன். கியர் பாக்ஸப் பிரிக்கச் சொல்லு, பிரிக்கறேன். உள்ள ஆளு இருக்கற வண்டில கை வைக்கச் சொல்லாத."

"உள்ள யாரும் இல்ல குப்புராசு."

"அப்போ கயிறு யாருக்குக் கட்டிகீற?"

திரும்பிக் கயிற்றைப் பார்த்தேன். நான் முப்பது வருடத்துக்கு மேல் கல்லூரியில் தர்க்கம் கற்பித்தவன்.

வாசலில் நின்றபடியே விளக்கினார். கூரையைத் தூக்குவது எண்ணெயின் அழுத்தம். அந்த எண்ணெயைத் தள்ளும் பம்பும், பேட்டரியும், மற்றதெல்லாமும் டிக்கியில்தான் இருக்கின்றன. "படிச்சவருதான, பாத்துப் பாத்து நீயே செய்யி" என்று ஸ்பேனர் பையைத் தரையில் வைத்துவிட்டுப் போனார். திரும்பி வந்து, "குடுக்கறப்ப கழுவிக் குடு சார்" என்றார்.

டிக்கியைத் திறக்கலாமா என்ற சந்தேகம் எழுந்தது. அது உள்ளே என்று கணக்கா, வெளியே என்று கணக்கா? புரோகிதருக்குப் போன் செய்தேன். வெகுநேரம் யோசித்தார். "டிக்கியப் பத்தி சாஸ்திரத்துல ஒண்ணும் சொல்லல சார்" என்றார்.

மறுக்கப்படாதது அனுமதிக்கப்பட்டது என்று எடுத்துக்கொண்டேன். மாணவன் எவனாவது இப்படி எழுதியிருந்தால் மதிப்பெண் போட்டிருக்க மாட்டேன்.

ஜூலை 24, வியாழன். ஆடி அமாவாசை

காலையில் அண்ணி படையல் போட்டார். பிறகு டிக்கியைத் திறந்தேன்.

இடது மூலையில் ஒரு பள்ளம். அதற்குள் பம்பு. அதைச் சுற்றியிருந்த பஞ்சுறை தண்ணீரில் ஊறிக் கிடந்தது. கூரையில் விழும் மழைநீர் வழிந்தோட ஒரு குழாய் இருக்கிறது. அதில் வேப்பிலை அடைத்திருந்தது. சைக்கிள் கம்பியால் குத்தி எடுத்தேன். எடுத்த குப்பையை வெளியே போடலாமா என்று தோன்றியது. யோசித்துவிட்டு ஒரு பையில் கட்டி டிக்கியிலேயே வைத்தேன்.

பம்புக்குப் பக்கத்தில் தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி. ரிலே என்று பெயர். முன்னால் ஓட்டுநர் பொத்தானை அழுத்தினால் இது 'டக்' என்று அடித்து மோட்டாருக்கு மின்சாரம் விடும். அதுவும் நனைந்திருந்தது. அண்ணி தலை காயவைக்கும் கருவியைக் கொண்டுவந்து உலர்த்தினேன்.

மாலையில் பேட்டரியைச் சார்ஜ் செய்து மாட்டியதும் ரிலே 'டக்' என்றது. மாட்டும்போது ஒரு முறை அடிப்பது இயல்பு. மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது இன்னொரு முறை அடித்தது. ஈரம் முழுக்கக் காயவில்லை என்று பொருள்.

ஜூலை 27, ஞாயிறு

எண்ணெய்க் குழாய் ஒன்று இணைப்பில் கசிகிறது. அங்கே ஒரு ரப்பர் வளையம் வெடித்திருக்கிறது. அளவெடுத்துக்கொண்டேன்.

வகுப்பில் பழகியதால் செய்வதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்கிறேன். இன்று சிவப்புக் கம்பியைக் காட்டி, "இது தரைக்குப் போற கம்பி" என்றேன். 'டக்.' பார்த்தால் நான் சொன்னது தவறு. கறுப்புதான் தரைக்குப் போவது. நான் தப்பாக எதையாவது சொன்னால் அண்ணன் நாக்கைச் சொடுக்குவார். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். சத்தம் ஏறக்குறைய இதே மாதிரி இருக்கும். இது தற்செயல் ஒற்றுமை. இரண்டு சத்தங்கள் ஒன்றுபோல் இருப்பதால் காரணமும் ஒன்றாகிவிடாது.

கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தேன். ஸ்டீயரிங் பக்கம் கண்ணாடியில் உள்புறமாக நீராவி படிந்திருக்கிறது, உள்ளங்கை அளவு. பள்ளத்திலிருந்த தண்ணீர் வெயிலுக்கு ஆவியாகியிருக்க வேண்டும். வலது பக்கத்து இருக்கை முன்னால் இழுத்திருக்கிறது. அண்ணி குள்ளம். அண்ணன் இறந்த அன்று காலை அவரோடு கோயிலுக்குப் போனவர் அண்ணிதான்.

நான் ஏறும்போதெல்லாம் அண்ணன் அந்த இருக்கையைப் பின்னால் தள்ளிவிட்டு, "ஏறுடா நெட்டக்கொக்கு" என்பார்.

ஜூலை 28, திங்கள்

ரப்பர் வளையம் கிடைத்தது.

ஜூலை 30, புதன்

இன்று நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

வளையத்தை மாற்றி, எண்ணெய் ஊற்றி, பொத்தான் வழியாக இல்லாமல் பேட்டரியிலிருந்து நேராகப் பம்புக்கு இரண்டு கம்பிகளைத் தொட்டேன். பம்பு முனகியது. கூரையின் பின்பக்க விளிம்பு எழுந்தது. ஒரு சாண் எழுந்திருக்கும். அந்த இடைவெளி வழியாகக் காற்று வந்தது. அடைத்துவைத்த வண்டிக்குள் பூஞ்சை வாடைதான் இருக்க வேண்டும். எனக்கு வந்தது அண்ணன் பூசிக்கொள்ளும் கொலோன்.

கம்பிகளை மாற்றித் தொட்டேன். கூரை இறங்கி மூடிக்கொண்டது.

அண்ணி சமையலறையிலிருந்து கூப்பிட்டார். "தம்பி, ஏதோ சத்தம் கேட்டுதே, ஆயிடுச்சா?"

"இன்னும் இல்ல அண்ணி. ஒரு ரப்பர் வளையம் வேணும். கிடைக்க மாட்டேங்குது."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. இன்னும் சரிபார்க்க வேண்டியவை இருக்கின்றன என்பது உண்மைதான்.

ஆகஸ்ட் 2, சனி

கொட்டகையில் வேலை. பேப்பரையும் காபி ஃபிளாஸ்கையும் அங்கேயே கொண்டுபோய்விட்டேன். தலைப்புச் செய்திகளைப் படித்தேன். இரண்டு இடங்களில் 'டக்'. இரண்டும் அவருக்குப் பிடிக்காத கட்சி.

ஆகஸ்ட் 3, ஞாயிறு. பதினெட்டாம் பெருக்கு

சித்ரான்னங்கள் செய்யவில்லை. அண்ணிக்கு முடியவில்லை. மத்தியானம் சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருந்தார்.

"தம்பி, மத்தியானம் ஆனா நெஞ்சு மேல யாரோ உக்காந்த மாரி இருக்கு. நீங்க அந்தப் பக்கம் வேல செய்யப் போனதும் ஆரம்பிக்குது. திரும்பி வந்தா கொஞ்சம் எறங்குது."

"டாக்டர்கிட்ட காட்டலாம் அண்ணி."

"டாக்டருக்கா தெரியும்? அவருக்குத் துணை வேணும். நாப்பத்தொம்பது வருசம் கூட இருந்தவ நான், வேற யாரக் கூப்பிடுவாரு?" சிரிக்கப் பார்த்தார். "உசுரோட இருக்கறப்ப கோயிலத் தவுர எங்கயும் கூட்டிப் போகாத மனுசன். இப்ப மட்டும் நான் வேணுமாம்."

அண்ணியின் மகள் தாரிணி லியோனில் இருக்கிறாள். ஆகஸ்ட் இருபதாம் தேதிக்கு டிக்கெட் வந்துவிட்டது. இனி அங்கேதான். "தெறந்துட்டா அவரும் போவாரு, நானும் போவேன்" என்கிறார். தெறக்காமல் நான் போக மாட்டேன் என்றும் சொல்கிறார்.

மேலே மூன்று அறைகள், கீழே நான்கு. இந்த வீட்டில் நான் மட்டும் இருந்து பார்த்ததில்லை. இதற்கும் மேலே எழுதியதற்கும் சம்பந்தம் இல்லை. வீட்டு வரி ரசீதைத் தேடியபோது தோன்றியது.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

பம்பின் ஃபியூஸைக் காணோம். டிக்கி முழுக்கத் தேடினேன்.

ஆகஸ்ட் 6, புதன்

ஃபியூஸ் என் சட்டைப் பையில் இருந்தது. துவைக்கப் போடும்போது அண்ணி கண்டெடுத்தார். உள்ளங்கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார்.

"இது அதுல மாட்டற சாமான்தான தம்பி?"

"ஆமா அண்ணி. பழசு. புதுசு போட்டாச்சு."

புதுசு போடவில்லை. அதையே திரும்ப மாட்டினேன். வெளியே வந்த பொருள் என்று கவலையாக இருந்தது. ஒரு இரவுதான்; அதுவும் டிக்கிச் சாமான். அண்ணி நேற்று மத்தியானத்திலிருந்து காலை வரை நன்றாகத் தூங்கியதாகச் சொன்னார். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. அறையில் குளிர். ஆடி மாதத்துப் புழுக்கத்தில் போர்வையை எடுத்துப் போர்த்திக்கொண்டேன்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

அண்ணி குளியலறை வாசலில் விழுந்துவிட்டார். உதடு நீலம் பூத்திருந்தது. ஆட்டோவில் கூட்டிப் போனேன். நுரையீரல் சுத்தம், இருதயம் சரி, இரத்தத்தில் குறையில்லை என்றார் டாக்டர். "வயசாயிடுச்சு, பாத்துக்குங்க." ஆட்டோ எங்கள் தெரு முனை திரும்பியதும் அண்ணி மறுபடியும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

படுக்கவைத்துவிட்டுக் கொட்டகைக்குப் போனேன். மத்தியான வெயில். வண்டியின் கண்ணாடியில் இடது பக்கம் இருந்த நீராவி அப்படியே இருந்தது. வலது பக்கமும் ஒன்று படிந்திருந்தது, சின்னதாக. அண்ணி உட்கார்ந்தால் முகம் வரும் உயரம்.

ஆவி, ஈரம், வெயில். இந்த மூன்றையும் வைத்து அதை விளக்க முயன்றேன். முடிக்காமல் விட்டேன்.

டிக்கியைத் திறந்து நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

"அண்ணா, அண்ணிய விட்டுடு. டிக்கெட் எடுத்தாச்சு. பொண்ணு காத்துட்டிருக்கா."

சத்தமில்லை.

"புதன்கிழமை தெறந்து விட்டுடறேன். எல்லாம் சரி பண்ணியாச்சு. எப்பவோ சரி பண்ணியாச்சு."

சத்தமில்லை.

"தனியா போகப் பிடிக்கலையா?"

வெளியே கீரைக்காரி கூவிக்கொண்டு போனாள். அவள் குரல் தேய்கிற வரைக்கும் உட்கார்ந்திருந்தேன். பிறகு வேறு ஒன்று சொன்னேன். அதை இங்கே எழுத வேண்டியதில்லை.

'டக்.'

ஆகஸ்ட் 9, சனி

வலது கண்ணாடியில் இருந்த நீராவி காய்ந்துவிட்டது. அண்ணி எழுந்து இரண்டு தோசை சாப்பிட்டார். சட்னியில் உப்பு போதாது என்று என்னைத் திட்டினார்.

அந்த வலது இருக்கை இப்போது பின்னால் தள்ளியிருக்கிறது. முன்பு சரியாகப் பார்க்காமல் எழுதியிருப்பேன்.

ஆகஸ்ட் 11, திங்கள்

ரிலேயை மாற்றினேன். பழையது நனைந்தது, புதன்கிழமை நேரத்தில் காலை வாரினால் என்ன செய்வது? நேரு வீதியில் அதே மாதிரி ஒன்று கிடைத்தது. கடைக்காரர், "என்ன சார், இந்த வயசுல வண்டி வேல?" என்றார். பொழுதுபோக்கு என்றேன்.

புதியதை மாட்டிப் பேட்டரியை இணைத்தேன். மாட்டும்போது ஒரு முறை அடித்தது, அவ்வளவுதான். செய்தித்தாளைப் படித்தேன். தப்பாகக் கூடச் சிலது சொல்லிப் பார்த்தேன். ஒன்றுமில்லை. ஊமை.

பழைய ரிலேயைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். மறதி. அடைப்பு முடிய இன்னும் இரண்டு நாள் இருக்கிறது என்பது தெரியும். ஆனால் டிக்கி உள்ளே ஆகாது என்று ஏற்கெனவே தீர்மானித்தாயிற்று. உள்ளே இல்லாத ஒன்று வெளியே வந்ததாகச் சொல்ல முடியாது. மாடியில் என் மேஜைமேல் வைத்திருக்கிறேன். மின்விசிறிக் காற்றில் தாள்கள் பறக்காமல் இருக்கும்.

கொட்டகையிலிருந்து மாடி ஏறும்வரை பை சூடாக இருந்தது. வெயிலில் காய்ந்த தகரக் கொட்டகை.

ஆகஸ்ட் 13, புதன்

திறந்தாயிற்று.

புரோகிதர் மந்திரம் சொல்லிக் கயிறுகளை அறுத்தார். கதவைக் கை நுழையும் அளவு மட்டும் திறந்து, வழியை மறித்து நின்றபடி பொத்தானை அண்ணிதான் அழுத்த வேண்டும் என்றார். நான் டிக்கிப் பக்கம் நின்றேன். பம்பு முனகியது. கூரையின் பின்விளிம்பு எழுந்து, முன்பக்கம் கொக்கி விட்டு, துணி மூன்றாக மடிந்து பின்னால் படுத்தது. கொட்டகையின் தகரத்தில் இருக்கும் ஓட்டை வழியாக ஒரு வட்டம் வெயில் ஓட்டுநர் இருக்கையில் விழுந்தது.

பூஞ்சை வாடை வந்தது. வேறொன்றும் வரவில்லை.

எல்லோரும் மேலே பார்த்தார்கள். நானும் பார்த்தேன்.

"போயிட்டாரு தம்பி" என்றார் அண்ணி. கண்ணீர் ஓடியது. "எனக்குத் தெரியுது. இங்க லேசாயிடுச்சி." நெஞ்சைத் தொட்டுக் காட்டினார்.

"புண்ணியாத்மா. ஒரு கஷ்டமும் குடுக்காம போயிட்டார்" என்றார் புரோகிதர்.

குப்புராசு இப்போது தைரியமாக உள்ளே வந்து வண்டியைத் தட்டிக்கொடுத்தார். "பாத்தியா சார், நான் சொன்ன மாரியே செஞ்சிட்ட."

"வாசல்ல நின்னுதானப்பா சொன்ன?"

"எங்க நின்னு சொன்னா இன்னா? சொன்னது சொன்னதுதான." வலது இருக்கையில் ஏறி உட்கார்ந்தார். "இன்னா சார், இம்மாம் பின்னால தள்ளி வச்சிகீறீங்க? காலே எட்டல."

அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினார். "கடசியா நான்தான அதுல உக்காந்தேன். முன்னாலதான் இருந்துச்சி."

நான் தள்ளியிருப்பேன் என்றேன். கயிறு அறுபட்டுக் கால் மணி நேரம்தான் ஆகியிருந்தது. யாரும் மேலே கேட்கவில்லை.

ஆகஸ்ட் 16, சனி

அண்ணி பெட்டி கட்டுகிறார். பக்கத்து வீட்டம்மாவிடம் சிரித்துப் பேசுகிறார். ஊறுகாயை விமானத்தில் விடுவார்களா என்பதே இன்றைய முழுப் பேச்சும்.

ஆகஸ்ட் 20, புதன்

புறப்படுவதற்கு முன் சொல்லிக்கொள்ள மாடிக்கு வந்தார். மேஜையருகே வந்ததும் நின்றுவிட்டார். கை தானாக நெஞ்சுக்குப் போனது.

"இது என்னா தம்பி, இந்தக் கறுப்புப் பொட்டி?"

"பேப்பர் பறக்காம இருக்கறதுக்கு அண்ணி." எடுத்து இழுப்பறையில் போட்டு மூடினேன். "படி ஏறி வந்தீங்கல்ல, மூச்சு வாங்குது. வாங்க, கீழ போலாம்."

வாடகைக் காரில் ஏறும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்களும் வந்துடுங்க தம்பி. தாரிணி பெரிய வீடு வச்சிருக்கா."

"குளிர் ஒத்துக்காது அண்ணி."

"தனியா இருப்பீங்களே."

"பழகிடும்."

"வேளைக்குச் சாப்பிடுங்க. அவரு இருந்தா ஹார்ன் அடிச்சு எழுப்பி வுடுவாரு. இப்ப யாரு இருக்கா?"

வண்டி தெரு முனை தாண்டும் வரை நின்றேன். அங்கே நெஞ்சைப் பிடித்துக்கொண்டாரா என்று பார்த்தேன். இல்லை. கை வெளியே நீட்டி ஆட்டிக்கொண்டே போனார்.

மேலே வந்து இழுப்பறையைத் திறந்து அதை மேஜைமேல் வைத்தேன்.

ஆகஸ்ட் 23, சனி

வெங்காய சாம்பார் வைத்தேன். பரவாயில்லை என்று வாய்விட்டுச் சொன்னேன். மாடியில் 'டக்.'

உப்பு அதிகம்தான்.

ஆகஸ்ட் 25, திங்கள்

அண்ணி போன் செய்தார். தாரிணி வீடு மூன்றாவது மாடி. லிஃப்ட் கெட்டுப்போய் நடந்தே ஏறினாராம். "ஒரு எடத்துலயும் நிக்கல தம்பி! தாரிணிதான் நடுவுல உக்காந்துட்டா." குரல் இருபது வயது குறைந்தாற்போல் இருந்தது. "நீங்க எப்படி இருக்கீங்க? இருமறீங்களே."

தூசி என்றேன்.

இந்த விஷயத்தில் நான் செய்ததில் தவறு எதுவும் இருப்பதாகத் தோன்றவில்லை. எதைச் செய்தாலும் வழக்கமாக எழும் சந்தேகம் கூட எழவில்லை. அதையும் குறித்து வைக்கிறேன்.

ஆகஸ்ட் 27, புதன்

குப்புராசு வண்டிக்கு ஆள் பிடித்துவிட்டார். மாமல்லபுரத்தில் ஓட்டல் வைத்திருப்பவர். காலையில் வந்து ஓட்டிப் போனார்கள். கூரையைத் திறந்து மூடி, திறந்து மூடி, அந்த மனிதர் குழந்தை மாதிரி மகிழ்ந்தார்.

"வண்டிக்கு வந்த கெட்டதெல்லாம் வுட்டுப்போச்சு சார்" என்றார் குப்புராசு. பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இன்னா சார், ஒரு மாரிகீற? ஒதடு வெளுத்துப்போய்கீது" என்றார்.

ஸ்பேனர் பையைக் கழுவிக் கொடுத்தேன்.

கொட்டகை காலி. தரையில் எண்ணெய்க் கறை மட்டும் இருக்கிறது. கதவைப் பூட்டிச் சாவியை ஆணியில் மாட்டினேன்.

ஆகஸ்ட் 28, வியாழன்

மாடிப்படி ஏறும்போது நடுவில் உட்கார வேண்டியிருந்தது. பகல் சாப்பாட்டுக்குப் பிறகு நெஞ்சில் ஒரு கனம். வலி என்று சொல்ல முடியாது. யாரோ பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்திருப்பது போல.

என் அறை ஜன்னல் கண்ணாடியில் உள்புறமாக நீராவி படிந்திருக்கிறது, இரண்டு இடங்களில், பக்கத்தில் பக்கத்தில். ஒன்று கொஞ்சம் உயரத்தில் இருக்கிறது. நான் ஜன்னலிலிருந்து தள்ளித்தான் உட்கார்ந்திருக்கிறேன். கையால் துடைத்தேன். உயரத்தில் இருந்தது உடனே திரும்பப் படிந்தது, நான் மூச்சு விடும் கணக்கில்.

ஆகஸ்ட் 30, சனி

மாலை. இருட்டுவதற்கு இன்னும் நேரமிருக்கிறது. மழை வரும்போல் இருந்தது, வரவில்லை.

இஸ்திரி போட்டு வந்த சட்டைகளைப் பார்த்து அடுக்கினேன். எல்லாவற்றிலும் மேல் பொத்தான் இருக்கிறது. மூன்று நாட்களுக்கு முன் நானே தைத்தவை. அண்ணிக்குக் கடிதம் எழுதி, வீட்டுச் சாவி குப்புராசுவிடம் இருக்கும் என்று குறிப்பிட்டுத் தபாலில் சேர்த்தாயிற்று. பால்காரரிடம் நாளை முதல் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். காரணம் கேட்டார். ஊருக்குப் போகிறேன் என்றேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது மேஜைமேல் இருந்த ரிலே அடித்தது.

கம்பி எதுவும் இல்லை. பேட்டரி இல்லை. எழுதுவதை நிறுத்தி அதைப் பார்த்தேன். இவ்வளவு நாளும் ஒரு தடவைதான் அடிக்கும். இப்போது இரண்டு தடவை அடித்தது.

கீழே, பூட்டிய கொட்டகையில், பம்பு முனகும் சத்தம் கேட்கிறது. கூரை எழுகிறது. கொக்கி விடுகிறது. துணி மூன்றாக மடிகிறது. மாலையில் தூறல் இல்லாத நாட்களில் அவர் திறந்துதான் வைப்பார்.

சட்டையை மாட்டிக்கொண்டேன். பொத்தான் எல்லாம் சரியாக இருக்கிறது. இந்த முறை அவரைக் காக்க வைக்கக் கூடாது.